கிருத்திகையன்று என் பேரில் போன மெயில்

முருகனடியார் எல்லோருக்கும் வேலுவின் வணக்கம். ஜமுனாமரத்தூரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பிரித்தால் வக்கீல் நோட்டீஸ். மோசடி செய்தவர் என்று அதில் எழுதியிருப்பது என்னைத்தான் என்பது இரண்டு முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை.

சங்கதி இதுதான். கணியம்பாடிப் பக்கம் சாமை அரிசி விற்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பெனியின் பெயரிலேயே ஒரு இணையதள முகவரியை, டொமைன் என்பார்களே, அதை நான் பதிந்து வைத்திருந்தேன். அந்தப் பெயரோ அவர்கள் சட்டப்படி பதிவு செய்த டிரேட்மார்க். அதை வேண்டுமென்றே பிடித்து வைத்துக்கொண்டு, விட்டுக்கொடுக்கப் பெரிய தொகை கேட்டு மெயிலும் அனுப்பினேனாம். பதினைந்து நாளில் பெயரை ஒப்படைக்க வேண்டும். இல்லையென்றால் டொமைன் தகராறுகளை விசாரிக்கும் நடுவரிடம் ஒரு வழக்கு, கோர்ட்டில் ஒரு வழக்கு, போலீசில் மோசடிப் புகார்.

போலீஸ் கேஸ் என்று வந்தால் என் மையத்தின் அனுமதி போய்விடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மலைச்சனங்கள் ஆதாரையும் கைரேகையையும் நம்பி என்னிடம் கொடுக்கிறவர்கள். மோசடிக்காரன் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அவர்கள் எதிரில் உட்காருவேன்?

பெயரைப் பதிந்தது நான். ஒளிக்கவில்லை. பதியச் சொன்னது ஏழுமலை. கலசப்பாக்கத்தில் புளி வியாபாரம் செய்கிறவன். பதினான்கு வருஷமாக ஆடிக் கிருத்திகைக்கு நான் காவடி எடுக்கும்போது கூடவே நடந்து வருகிறவன். கூடப்பிறந்தவனாக நினைத்திருந்தேன்.

"ண்ணா, அந்தப் பேரு நெட்டுல இன்னும் சும்மாதான் கீது. நம்ம மலைச் சாமைய அதுல விக்கலாம். நீ கம்ப்யூட்டர் தெரிஞ்சவன், உன் பேர்லயே போட்டுடு" என்றான்.

எங்கள் பக்கம் யாருக்கும் சொந்தமில்லாத புளியமரத்தில் யார் முதலில் முள் கட்டுகிறாரோ அந்த வருஷத்துக் காய் அவருக்குத்தான். இதையும் நான் அப்படித்தான் நினைத்தேன். இன்னொருவர் பல வருஷம் உழைத்து வளர்த்த பெயர் சொந்தமில்லாத மரம் ஆகுமா என்று யோசிக்கவில்லை. கொஞ்சம் ஆசையும் இருந்தது.

ஆனால் அந்த மெயிலை நான் அனுப்பவில்லை. உடனே ஏழுமலைக்குப் போன் போட்டேன்.

"இன்னாண்ணா பேசற? பேரு உன்னோடது, மெயிலும் உன்னோடது. எனக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றான். வைத்துவிட்டான். அதன்பிறகு என் நம்பரை எடுக்கவே இல்லை.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் நோட்டீஸை முருகன் படத்தின் முன்னால் வைத்துவிட்டு அழுவேன். வேண்டுதல் என்று சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. அவன் நாசமாகப் போகவேண்டும், அவன் குடும்பம் தெருவில் நிற்கவேண்டும், இதைத்தான் கேட்டேன். மனசு ஆறவே இல்லை.

நாலாம் நாள் திட்டுவதற்கும் தெம்பில்லை. "முருகா, பேரைப் பதிஞ்சது நான்தான். ஆசைப்பட்டதும் நான்தான். அதுக்குத் தண்டனை குடு, வாங்கிக்கிறேன். செய்யாததுக்கு மட்டும் என்னைக் கைவிட்டுடாதே" என்றேன். முதல்முறையாக உண்மையைப் பேசினேன்.

நோட்டீஸை எடுத்து மடிக்கும்போது, அதோடு இணைத்திருந்த மெயிலின் நகலை என் மனைவி மல்லிகா வாங்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தத் தேதி ஆடிக் கிருத்திகையாச்சே? பத்தே முக்காலுன்னு போட்டுகீது. அப்போ நீங்க காவடியோட மலை ஏறினு இருந்தீங்களே" என்றாள்.

காவடி எடுக்கும்போது நான் போனைத் தொடமாட்டேன். படம் பிடிக்க வசதியாக, பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொல்லி, ஏழுமலையிடம்தான் கொடுப்பேன். வருஷா வருஷம் அப்படித்தான். அனுப்பிய மெயிலை என் போனிலிருந்து அழித்தும் விட்டிருக்கிறான். பணம் வந்தால் பங்கு, வம்பு வந்தால் என் தலை என்று கணக்குப் போட்டிருப்பான்.

கோயில் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய வீடியோ இருந்தது. காவடியைத் தூக்கிக்கொண்டு நான் வேல் வேல் என்று ஆடுகிறேன். பின்னால் படிக்கட்டில் ஏழுமலை உட்கார்ந்து, சிவப்பு உறை போட்ட என் போனில் குனிந்து ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் அரோகரா சொல்கிறார்கள். அவன் தலை நிமிரவில்லை. அதைப் பார்த்தபோது அழுத அழுகை நோட்டீஸ் வந்த அன்றுகூட அழவில்லை.

திருவண்ணாமலையில் இலவசச் சட்ட உதவி வக்கீலம்மாவைப் பார்த்தேன். "மெயில் நீங்க அனுப்பல, சரி. பேரைப் பதிஞ்சது நீங்கதானே? அதை மறைக்காதீங்க. வேற ஆளுக்கு மாத்தாதீங்க, எதையும் அழிக்காதீங்க. உள்ளதை எழுதிக்குடுத்து, பேரையும் குடுத்துடுங்க" என்றார்.

பயந்துகொண்டே கணியம்பாடிக்குப் போனேன். கம்பெனியை நடத்தும் அம்மா வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"காவடி தூக்கினு இருக்கறவன் போனை வச்சா இதைச் செஞ்சான்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பெயரை அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தேன். இனி அதைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்மேல் புகார் இல்லை என்று அவர்களுடைய வக்கீலே எழுதித் தந்தார். பதினைந்து நாள் கெடுவில் அது பதினான்காவது நாள். இப்போது தங்கள் கடைக்குப் பெயர் பதிய யார் வந்தாலும், அந்தப் பெயர் வேறொருவருடைய டிரேட்மார்க்கா என்று தேடிப் பார்த்த பிறகுதான் கீபோர்டில் கை வைக்கிறேன்.

அடியார்களே, முருகன் என்னைக் காப்பாற்றினான். நான் கேட்டபடி ஏழுமலையை அழித்து அல்ல, என்னை உண்மை பேச வைத்துக் காப்பாற்றினான். உங்களுக்கும் இப்படி ஒரு இக்கட்டு வந்தால் அவனிடம் போங்கள், உங்கள் பக்கத்துத் தப்பையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. ஏழுமலையை மன்னிக்க இன்னும் எனக்கு மனசு வரவில்லை. விடிந்ததும் விளக்கேற்றி அந்த மனசையும் முருகனிடம் கேட்கிறேன். சில நாள் அவன் பெயரைச் சொல்லும்போதே வேண்டுதல் பாதியில் நின்றுவிடுகிறது. மறுநாள் மறுபடியும் கேட்கிறேன்.