குதிரைக்குப் பதினைந்து பொட்டலம்

குதிரையைக் கொடுத்தனுப்பியது நான்தான். வீட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. மகளுக்கு இடது மணிக்கட்டில் பிளேட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றே கணவரிடம் சொன்னேன்: "ஒண்ணு அது இங்க நிக்கணும், இல்ல நான் நிக்கணும்." பத்தாம் நாள் வாசலில் மினி லாரி வந்து நின்றது.

அது கல்யாண ஊர்வலத்துக்குப் பழகிய வெள்ளைப் பெண்குதிரை. அதை வைத்திருந்தவர் தொழிலை விட்டபோது, எங்கள் அச்சகத்துக்கு வந்து போன பழக்கத்தில் கணவரிடம் ஒப்படைத்தார். மகளுக்கு அப்போது பதினோரு வயது. காலடியில் ஆயிரம்வாலா வெடித்தாலும் காதைக்கூட ஆட்டாது என்று சொல்லித்தான் கொடுத்தார். அது உண்மை. ஐந்து தீபாவளி எங்கள் தெருவில் நின்று பார்த்த குதிரை. ஒரு தடவையும் கயிற்றை இழுத்ததில்லை.

ஆனால் மகள் கை ஒடிந்த அன்று சத்தத்தோடு தரையும் ஆடியது. விஸ்வநத்தம் பக்கம் ஏதோ ஒரு பட்டாசு யூனிட்டில் ஓர் அறை வெடித்துப் போய்விட்டது. எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் குலுங்கின. இந்தப் பக்கம் அப்படி ஒரு சத்தம் கேட்டால் முதலில் போனைத்தான் எடுப்போம். எந்தக் கம்பெனி, யார் வீட்டு ஆள் உள்ளே என்று விசாரிப்போம். நானும் நாத்தனாருக்கு, எதிர்வீட்டுக்கு, இன்னும் நாலைந்து பேருக்கு அடித்தேன். அறையில் ஆள் இல்லாத நேரம் என்று தெரிந்து மூச்சு விட்டேன். அப்போதுதான் குதிரை தனியாக வாசலுக்கு வந்தது. சேணம் சரிந்து வயிற்றுப் பக்கம் தொங்கியது. ஊரில் அத்தனை பேரை விசாரித்தவளுக்கு, தன் பிள்ளை குதிரைமேல் வெளியே போயிருக்கிறாள் என்பது நினைவில் வரவில்லை.

அந்தச் சரிந்த சேணம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. காற்றில் கதவு அடித்தால்கூட மகள் எங்கே என்று எழுந்துவிடுகிறேன்.

குதிரை போன இடம் ஏழாயிரம்பண்ணைக்கு அந்தப் பக்கம், யூனிட்டுகளை விட்டு விலகி, கரிசல் காட்டு நடுவில் ஒரு தோட்டம். அந்த வீட்டுக்காரர் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். லேபிள் ஆர்டருக்காக எங்களிடம் வருபவர். "வீட்டுல மூணு மாடு நிக்கு. நாலாவதா இதுவும் நிக்கட்டும்" என்றார். குதிரையை நாலாவது மாடாக நினைக்கிறாரே என்று அப்போதே உறுத்தியது.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய மனைவி போன் செய்தாள். அழைத்தது என்னை இல்லை, என் மகளை.

"தாயி, இது தண்ணியே ஒழுங்காக் குடிக்க மாட்டேங்கு. கழனித்தண்ணிய காட்டினாலும் மூஞ்சியத் திருப்பிக்கிடுது. நீ ஒரு நட வந்து பாரேன்."

மகள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கிளம்பினாள். தனியாகப் பஸ்ஸில் அனுப்ப எனக்குத் தைரியமில்லை. நானும் ஏறிக்கொண்டேன்.

போய் இறங்கியபோது குதிரை புளியமரத்து நிழலில் நின்றது. விலா எலும்பு தெரிந்தது. என் வயதுதான் இருக்கும் அந்தப் போர்மேன் மனைவிக்கு. பக்கத்தில் நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அவள் தோளில் குதிரை தாடையை வைத்திருந்தது. மூன்றே வாரத்தில்! எங்கள் வீட்டில் அது என் தோளில் தாடை வைக்க ஒன்றரை வருஷம் ஆனது.

"வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீக. முதல்ல மோர் குடிங்க" என்றாள். பிறகு மகளைப் பார்த்து, "என்ன பிள்ள, இப்படி வத்தலாட்டம் இருக்க? வீட்டுல சோறு போடுறாகளா இல்லையா?" என்றாள். மகள் சிரித்தாள். கட்டுப் போட்டு வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. மோரை வாங்கிக் கீழே வைத்தேன்.

தண்ணீர் ஒரு நீல டிரம்மில் இருந்தது. எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடு கிடையாது. பட்டாசுக் கம்பெனிக்கு வெடிமருந்துச் சாமான் இறங்கிய டிரம்மைக் கழுவிக் காயவைத்துக் குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் பிடித்து வைப்போம். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை.

"ஏழு தடவ புளி போட்டுத் தேச்சிருக்கேன்க்கா. நாங்களே இதுலதான் குளிக்கோம்."

"நீங்க குளிக்கீக. அது குடிக்கணும்ல" என்றேன். தேவைக்கு மேல் காரமாகவே சொன்னேன்.

மகள் டிரம்முக்குள் குனிந்து முகர்ந்தாள். "வாடை இருக்கு அத்தை. நமக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும்."

"ஏ யப்பா, இம்புட்டு மூக்கா இதுக்கு! எங்க வீட்டு மனுசருக்கு மருந்து வாடையும் குழம்பு வாடையும் ஒண்ணுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அந்த 'அத்தை'தான் காதில் நின்றது. வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சொந்த அத்தையை, என் நாத்தனாரை, மகள் வாய் நிறைய அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு டிரம் போய் சிமெண்டுத் தொட்டி வந்திருந்தது. காய்ந்த சோளத்தட்டையைக் குறைத்துப் பச்சைப் புல் போட வேண்டும், குளம்பை இப்படிச் சுரண்ட வேண்டும் என்று மகள் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். கேட்டுக் கேட்டுச் செய்தாள். அந்த அடக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. குதிரை மட்டும் தொட்டியில் வாயை நனைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

"தொட்டியையும் மாத்தியாச்சே, ஏன்?" என்று மகள் பஸ்ஸில் தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும்.

மகளுக்குப் பதின்மூன்று வயதானபோது என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அது அந்த வயதின் இயல்பு என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் குதிரையிடம் பேசினாள். கொட்டகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஈரத்துணியோடு நின்று நான் கேட்டிருக்கிறேன். கணக்குப் பரீட்சையில் பெயிலானது, கூடப் படிக்கிறவள் ஒருத்தி பேச்சை நிறுத்தியது, என்மேல் கோபம், எல்லாம் எனக்கு முன்னால் அந்தக் குதிரைக்குத் தெரியும். ஒரு மிருகத்தின்மேல் பொறாமைப்படுவதை யாரிடம் சொல்ல முடியும்? அதனால் நான் அந்த மிருகத்தையே பிடித்துக்கொண்டேன். விடியும் முன் எழுந்து, எவர்சில்வர் வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, நெல்லிக்காய் அளவு கருப்பட்டியைக் கரைத்து அதற்கு வைத்தேன். 'குதிரைக்கு இனிப்பு கொடுக்கக் கூடாது' என்று மகள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொட்டகையில் ஒட்டியிருந்தாள். அதைப் படித்துவிட்டுத்தான் தினமும் கரைத்தேன். நாளடைவில் காலையில் அது என் காலடிக்குக் கனைக்க ஆரம்பித்தது. என் வாளி இல்லாமல் அதற்குத் தண்ணீர் இறங்காது என்ற நிலை வந்தது. அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மினி லாரியில் ஏற்றும்போது இதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். பதற்றத்தில் மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் குதிரைக்குப் பக்கத்தில் நின்றும் நான் சொல்லவில்லை. குதிரை திரும்பி வரவும் கூடாது. அவளிடம் நன்றாக இருக்கவும் கூடாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நாலாவது ஞாயிறு நாங்கள் பஸ்ஸில் இருக்கும்போதே போன் வந்தது. "படுத்துப் படுத்து உருளுது தாயி." போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். குதிரையின் வெள்ளை உடம்பெல்லாம் வேர்வையும் கரிசல் மண்ணும். காலால் தரையைப் பறித்தது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஒருத்தியாகக் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டிருந்தாள். முழங்கை உரிந்து ரத்தம் கசிந்தது.

கால்நடை டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் ஏற்றினார், ஊசி போட்டார். "லத்தி குடல்ல கெட்டிச்சு நிக்குது. காஞ்ச தட்டை, தண்ணி கம்மி. வலி அமந்ததும் தானாத் தண்ணி குடிக்கணும். குடிச்சாப் பிழைச்சிரும். ஒரு மணி நேரம் பாருங்க, இல்லன்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்.

வலி அமர்ந்தது. குதிரை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. தொட்டித் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. மகள் நல்ல கையால் தண்ணீரை அள்ளி அள்ளி உதட்டில் தடவினாள். "குடி... குடியேன்..." பாதித் தண்ணீர் அவள் பாவாடையில்தான் கொட்டியது.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கிட்ட வந்து கெட்டுப் போச்சேக்கா. நீங்க எம்புட்டு நல்லா வச்சிருந்தீக. நாந்தான் கூறுகெட்டவ, மாடு வளத்த திமிர்ல வாங்கிட்டு வந்துட்டேன்."

மகள் போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீங்க என்ன அத்தை செய்வீங்க? சொன்னதெல்லாம் சரியாத்தான செஞ்சீங்க."

அந்த நேரத்திலும் எனக்கு நெஞ்சு எரிந்தது. பிளேட் வைத்த கை அது. ஆஸ்பத்திரியில் நான் தொடப்போனபோது அவள் தள்ளி வைத்துக்கொண்ட கை, இப்போது இவள் கழுத்தில் கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு குதிரையைப் பார்த்தேன். அதன் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணுக்கு இந்த எரிச்சல் எதுவும் தெரியாது. வாளி எங்கே என்று மட்டும்தான் கேட்டிருக்கும்.

"வீட்டுல கருப்பட்டி இருக்கா?" என்றேன்.

"இருக்குக்கா. இந்நேரம் காப்பியாக்கா?"

"எனக்கில்ல. அதுக்கு."

எவர்சில்வர் வாளியில் வெந்நீரை விளாவிக் கருப்பட்டியைக் கரைத்துக் கொண்டுபோய் வைத்தேன். மூக்கை விட்டது, நிமிர்ந்தது, மறுபடி விட்டது. அப்புறம் உறிஞ்சியது. தொண்டையில் மடக்கு மடக்காக இறங்குவது வெளியே தெரிந்தது. வாளியின் அடி தெரியும்வரை குடித்தது.

"இது உனக்கு எப்படிம்மா தெரியும்?" மகள்தான் கேட்டாள்.

"நான் தினமும் வச்சது."

"தினமுமா? நான் எழுதி ஒட்டியிருந்தேனே."

"படிச்சிட்டுத்தான் வச்சேன்."

கெட்டிக்காரப் பிள்ளை. "அப்ப இந்த நாலு வாரமும்?"

நான் காலி வாளியைக் கையில் எடுத்தேன். அந்தப் பெண்தான் எழுந்து வந்தாள். "சும்மா இரு பிள்ள. இப்பச் சொன்னாகள்ல. இன்னொரு வாளி கரைங்கக்கா, குடிக்கட்டும்." எனக்காக அவள் பேசினாள். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குதிரை லத்தி போட்டது. மூன்று பெண்கள் அதைக் குனிந்து பார்த்துச் சந்தோஷப்பட்டோம். டாக்டரிடம் போனில் சொன்னபோது, இன்றைக்குக் கொடுத்தது சரி, ஆனால் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வேண்டும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சாத்தூர் ரோடு தாண்டிய பிறகு ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "பழக்கினது நீ. நிப்பாட்டவும் நீயே வழி சொல்லு."

மறுநாள் அச்சகத்திலிருந்து காலண்டர் வெட்டியதில் விழுந்த துண்டுத் தாள்களைக் கொண்டு வந்தேன். பதினைந்து நாளுக்குப் பதினைந்து பொட்டலம். முதல் பொட்டலத்தில் நெல்லிக்காய் அளவு கருப்பட்டி, அடுத்ததில் அதைவிடக் கொஞ்சம் சின்னது, பிறகு சுண்டைக்காய், பிறகு மிளகு. மகள் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் எண் எழுதினாள். விரல் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்ததால் இடது கையால் எழுதினாள். எண்கள் கோணல்மாணலாக விழுந்தன.

"பதினஞ்சுல ஒண்ணும் இருக்கக் கூடாது. வெறும் தாள்தான்" என்றாள்.

"தெரியும்" என்றேன். அவள் பேனாவை உதறக் குனிந்தபோது ஒரு கடுகளவு கிள்ளி உள்ளே வைத்து மடித்தேன். லேபிள் ஆர்டருக்கு வந்த போர்மேனிடம் பொட்டலங்களைக் கொடுத்தனுப்பினேன்.

பதினாறாம் நாள் அந்தப் பெண் போன் செய்தாள். இந்தத் தடவை எனக்கு. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, இருக்கீகளா? மகராசி பத்தாம் நாள்லருந்தே வெறுந்தண்ணி குடிக்கா. தொட்டியக் காலி பண்ணிடுதா. மிச்சப் பொட்டலத்த நான் காப்பியில போட்டுக் குடிச்சேன். ஆனா அந்தப் பதினஞ்சாவதுல துளியூண்டு ஒட்டிக்கிட்டு இருந்துச்சே, அது எதுக்கு?"

"தாள்ல தூள் ஒட்டியிருக்கும்" என்றேன்.

"அதான பாத்தேன். என் நாக்குக்கே பத்தல. ஞாயித்துக்கிழம வாரீகளா? வெண்டைக்காய் பறிச்சு வைக்கேன்."

போனை வைத்ததும் மகள் சொன்னாள்: "நீ வச்சத நான் பாத்தேன்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"துளியூண்டுதானேன்னு விட்டுட்டேன்."

அந்த ஞாயிறு போனோம். குதிரைக்கு விலா மூடிச் சதை பிடித்திருந்தது. என்னைப் பார்த்துக் காதைத் திருப்பியது, கனைக்கவில்லை. தொட்டியில் நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு, வாயில் நீர் சொட்டச் சொட்ட அந்தப் பெண்ணின் தோளில் தாடையை வைத்துக்கொண்டது. மகள் அதன் மறுபக்கம் நின்று ஏதோ குசுகுசுத்தாள். நான் புளியமரத்தடியில் அந்தப் பெண் கொடுத்த மோர் டம்ளரோடு நின்றேன். இந்தத் தடவை குடித்தேன். பச்சை மிளகாய் தட்டிப்போட்டு நன்றாகவே இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.