இல்லாத மரத்தருகே இடப்பக்கம்

பினாங்கில் வழி கேட்பது ஆபத்தான காரியம். “சினிமாக் கொட்டகை தாண்டி, பெரிய அங்சானா மரத்துக்கிட்ட லெஃப்ட் எடுங்க லா” என்பார்கள். கொட்டகையை இடித்துப் பல வருடங்கள் ஆகியிருக்கும். மரத்தை எப்போது வெட்டினார்கள் என்பது வழி சொன்னவருக்கே நினைவிருக்காது. வந்த புதிதில் அந்த மரத்தைத் தேடி வெயிலில் சுற்றிச் சுற்றி, கடைசியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் போய் விசாரித்தேன். “இதான் அந்த மரம்” என்றார் அங்கிருந்தவர், கொஞ்சமும் சிரிக்காமல்.

இப்படி ஒரு மரத்தைக்கூடக் கண்டுபிடிக்கத் துப்பில்லாதவன் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டால் ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். மனிதர்களுக்குத் தாங்கள் வாழும் இடத்தோடு உண்டாகும் மனப்பிணைப்பைப் பற்றிய ஆய்வில் நான் உதவியாளன். வீடு வீடாகப் போய், “இந்த இடத்தை விட்டுப் போக நேர்ந்தால் எவ்வளவு வருந்துவீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்” என்று கேட்க வேண்டும். என்னுடைய சொந்த இடம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வீடு மண்ணுக்குள் புதைந்து கிடப்பதாக நினைத்துவிடாதீர்கள். மண்ணையே எடுத்துவிட்டார்கள். நான் பிறந்த அறை இப்போது பெரும்பள்ளத்துக்கு மேலே வெறும் காற்றாக இருக்கிறது. அந்த ஒன்று முதல் ஐந்து கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மூன்று என்று சொல்லி மழுப்பியிருப்பேன்.

தண்ணீர்மலைக்குப் போகும் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பார்வதி அக்கா வீடு இருந்தது. கொண்டோ என்கிற சொகுசு அடுக்குமாடி கட்டுவதற்காகச் சந்து மொத்தத்தையும் காலி செய்யச் சொல்லியிருந்த நேரம். என்னை மாற்று வீடு ஒதுக்கும் அதிகாரி என்று நினைத்து, மைலோ கலக்கிக் கொடுத்து, கீழ்த்தளத்து வீடாகப் பார்த்துத் தரச் சொன்னார். என்னிடம் வீடு எதுவும் இல்லை, கேள்விகள் மட்டும்தான் என்று விளக்கினேன்.

“கேள்வி கேட்டா வீடு நிக்குமா தம்பி?”

“நிக்காதுக்கா.”

“அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?”

எங்கள் பேராசிரியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அக்கா இரக்கப்பட்டு அவராகவே சொன்னார்: “எனக்கு ஒன்னு போட்டுக்குங்க. நான் எங்க வேணா இருந்துக்குவேன். இவருக்கு அஞ்சு பத்தாது.”

இவர் என்றது கணவர் மணி அண்ணனை. லாரி ஓட்டியவர். நினைவு கழன்றுகொண்டே வந்தது. சில நாட்களில் அக்காவின் பெயரே வராது. ஆனாலும் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு சரியாக வீடு திரும்பிவிடுவார். புது இடத்தில் வெளியே போனால் எப்படித் திரும்புவார் என்பதுதான் அக்காவின் பயமெல்லாம்.

அந்தந்த இடத்தில் வாழ்பவரோடு நடந்து பார்ப்பதும் எங்கள் ஆய்வு முறைகளில் ஒன்று. அண்ணனோடு நடந்தேன். கைப்பேசிக் கடையைக் காட்டி “டோபி கடை” என்றார். கார் நிறுத்துமிடத்தைக் காட்டி “மாட்டுக் கொட்டாய்” என்றார். இல்லாத ஊரின் வழியாகவே நடந்து இருக்கிற வீட்டு வாசலுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “கவலைப்படாதீங்கக்கா. அண்ணனுக்கு ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க அந்த இடம் இருக்கணும்னு அவசியமே இல்ல” என்றேன். அக்கா சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன் என்றும் சொன்னார். எனக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

சந்து வீடுகளை இடித்தார்கள். அவர்களுக்குப் பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடியின் மேல் மாடி கிடைத்தது. போன மாதம் ஒரு மதியம் அக்கா அழைத்தார். பேப்பர் வாங்க இறங்கியவர் திரும்பவில்லை. “நீங்கதானே அவரோட நடந்தீங்க தம்பி. எங்க போயிருப்பாரு?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் நகைச்சுவை எனக்கே திரும்பி வந்தது.

பழைய சந்துக்கு ஓடினேன். அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்க வேண்டும். வீடுகள் இருந்த இடத்தை மறைத்துத் தகர வேலி. வேலி முழுக்க நீச்சல் குளமும், பல் தெரியச் சிரிக்கும் குடும்பமும் அச்சடித்த படம். அந்தக் குடும்பத்தின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தார். அவர் வாசலுக்கு முன்னால் கால்வாய் மேல் போட்டிருந்த பலகைக்கல் மட்டும் அப்படியே கிடந்தது. அதன்மேல்தான் நின்றார்.

“உள்ளாரதான் இருக்கா. தெறக்க மாட்டேங்குறா.”

அக்காவை அழைத்துக் கைப்பேசியை அவர் காதில் வைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

“யாரோ பொம்பள. வீட்டுல இருக்காளாம்.”

மறுபக்கம் அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அண்ணன் நகரவில்லை. “நீ தட்டு தம்பி. எனக்குக் கை வலிக்குது” என்றார்.

இரண்டு தகரங்களுக்கு நடுவே விரலளவு இடைவெளி. கண்ணை வைத்துப் பார்த்தேன். செம்மண் சுவர்கள், அடியில் மழைத்தண்ணீர், ஓரத்தில் சாய்ந்து நிற்கும் ஓர் இயந்திரம். எங்கள் ஊர்ப் பள்ளத்தோடு ஒப்பிட்டால் இது குழந்தை. ஆனாலும் ஜாடை தெரிந்தது.

கண்ணை எடுத்துவிட்டுத் தட்டினேன். முதலில் அவருக்காகத்தான் தட்டினேன்.