காப்பு கட்டிய கோல்கீப்பர்

மைக்செட் தொழிலில், ஊரில் எந்த விசேஷம் நடந்தாலும் நமக்கு அங்கே இடம் உண்டு, உட்காரத்தான் நேரம் கிடையாது. பந்தல் போடுகிறவர்கள், பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர்கள், அடுத்தவர் வீட்டு விருந்தில் ஆறிப்போன சோறு தின்றவர்கள் எல்லோருமே என் கட்சிதான். உங்களுக்குச் சொன்னால் புரியும். உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில், திரௌபதி அம்மன் திருவிழாவும் உலகக் கோப்பைக் கால்பந்தும் ஒரே சமயத்தில் வந்து மாட்டின. இருந்ததோ ஒரே திரை, அதுவும் என்னுடையது.

இட்லிக் கடை அம்மாவின் சந்தேகம்

பின்வரிசைக்காரர்களுக்கும் கூத்து தெரிய வேண்டும் என்று திரையைக் கட்டியிருந்தேன். பாரதக் கூத்து விடியும்போது முடியும். இந்தத் தடவை ஆட்டமெல்லாம் அமெரிக்கப் பக்கம் என்பதால் சில ஆட்டங்கள் நமக்குக் காலையில் வந்தன. பையன்கள் கெஞ்ச, தர்மகர்த்தா, "அம்மனுக்கு முதுகு காட்டாம பாருங்கடா" என்று அனுமதித்துவிட்டார். கூத்து பார்த்த கூட்டம் பாயைச் சுருட்டாமல் அப்படியே பந்தும் பார்த்தது. கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பாதி அரிதாரத்தோடு துரியோதனன் பிரேசிலுக்காகக் கத்தினார். கையில் மிளகும் சுக்கும் மணக்கும், மூங்கில் குடலையில் வெந்த இட்லி.

இட்லி விற்ற கனகம்மா கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நடுவுல ஒருத்தரு வேற கலர் சொக்கா போட்டுக்கினு ரெண்டு பக்கமும் ஓடறாரே, அவருதான் கிருஷ்ணரா? அதான் பந்த தொட மாட்றாரா?"

ஊரே பார்த்த வைத்தியம்

இதையெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டியவன் மதி. என் மனைவியின் தம்பி, எனக்குத் தொழிலில் வலது கை, எங்கள் ஊர் அணியின் கோல்கீப்பர். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில், "வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் வீடு கூத்து மேடையின் மதிலை ஒட்டியது. திரைக்குப் போகிற ஒயரில் ஒன்றைப் பிரித்து அவன் வீட்டு வாசலுக்கு இழுத்து, அங்கே போட்டிருந்த அவன் கட்டிலுக்கு எதிரே ஒரு சின்ன டிவி வைத்துக் கொடுத்தேன். என்னால் முடிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. திருவிழாவுக்குக் காப்பு கட்டிய பிறகு ஊருக்குள் சாவு விழுந்தால், அந்த வருஷம் தீமிதி கிடையாது, எல்லாம் அங்கேயே நின்றுபோகும். அதனால் மதியின் உடம்பு ஊர்ப் பொதுக் காரியம் ஆகிவிட்டது. ஒருவர் கேழ்வரகுக் கூழ், ஒருவர் பயத்தங்கஞ்சி, தர்மகர்த்தா தினமும் இளநீர். பாசமா பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் தர்மகர்த்தா வாய்விட்டே கேட்டார்: "தீமிதி வரைக்கும் எப்டியாவது தாங்கிக்க நைனா. அப்பறம் உன் இஷ்டம்." எனக்கு அவர் கையிலிருந்த இளநீரைப் பிடுங்கி எறியலாம் போல வந்தது. மதி சிரித்தான்.

"எனுக்கு பைனல் வரைக்கும் வேல கீது. பூசாரிய எனுக்கும் ஒரு காப்பு கட்ட சொல்லுங்க. காப்பு கட்டனவன் ஊர் எல்லய தாண்டக் கூடாதில்ல? எமன் வந்தா கைய காட்டி அனுப்பிட்றேன்."

எல்லைக் கல்லும் நுங்கும்

பூசாரி வந்து மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். ஆட்டம் இல்லாத ஒரு சாயங்காலம் மதி ஏரிக்குப் போக வேண்டும் என்றான். லோடு வண்டியில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே மெத்தை போட்டு அழைத்துப் போனேன். ஆனி மாசத்தில் வற்றிக் கிடக்கும் ஏரிதான் எங்கள் மைதானம். செருப்பை வைத்து கோல் கட்டி, பையன்கள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தார்கள். தான் வழக்கமாக நிற்கும் இடத்தில் வேறொருவன் நிற்பதை மதி வெகுநேரம் பார்த்தான். "கைய நீட்டுறா, தூங்காத!" என்று ஒரு தடவை கத்திப் பார்த்தான். குரல் கரையைத் தாண்டவில்லை.

கரை முடிகிற இடத்தில் எல்லைக் கல். கல்லுக்கு அந்தப் பக்கம், பனை நிழலில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். மதிக்கு நுங்கு என்றால் உயிர். எட்டுகிற தூரம்தானே என்று தோளில் சாய்த்து இறக்கினேன். கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டான். இழுத்தும் வரவில்லை. அன்று கேலிக்குக் கேட்டான் என்று நினைத்திருந்தேன். அந்தக் கயிற்றை அவன் நிஜமாகவே நம்புகிறான் என்று அங்கேதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏரிப் புழுதி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெளியூரான அந்த நுங்குக்காரர் தானே எழுந்து வந்து நீட்டினார்.

"அவன் அவன் ஊர வுட்டு எங்கனா போனா போதும்னு கீறான். இவரு இன்னாங்க, ஒரு அடிக்கு இப்டி பயப்படறாரு?"

தபசு மரத்திலிருந்து

அர்ச்சுனன் தபசு அன்று, வேஷக்காரர் பாடிக்கொண்டே மரத்தின் உச்சிக்கு ஏறி, எலுமிச்சம்பழமும் விபூதியும் இறைப்பார். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் மதியின் மனைவி செல்வியும் நின்றாள். அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் இருக்கிறாள். "உனுக்கு இன்னா வரம்டீ?" என்று யாரோ கேட்டதற்கு அவள் முந்தானையை விரித்துப் பிடித்தாள். அர்ச்சுனன் கையை ஓங்கி, கூட்டத்தைத் தாண்டி, மதில் மேலாக மதியின் வாசலுக்கே ஒரு பழத்தை எறிந்தார். செல்வி பதறி ஓடினாள்.

மதி ஒரு கையால் அதைப் பிடித்திருந்தான். கோல்கீப்பர் அல்லவா.

வேஷம் கலைக்கும்போது அந்த நடிகர் என்னிடம் சொன்னார்: "உச்சில நின்னா எல்லா வூடும் தெரியும்பா. ஊரே என்னப் பாக்குது. அந்தக் கட்டில்ல கீறவரு மட்டும் பழைய மேட்ச பாத்துக்கினு கீறாரு. அதான் எறிஞ்சேன்."

இளநீர் நின்ற நாள்

தீமிதி குறைவில்லாமல் நடந்தது. மறுநாள் குளக்கரையில் எல்லோருக்கும் காப்பை அவிழ்த்துவிட்டு, பூசாரி மதியின் வீட்டுக்கு வந்தார். கட்டிலை உள்ளே போட்டிருந்தோம், செல்வி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "பைனல் வரைக்கும் இருக்கட்டும் சாமி" என்றாள். பூசாரி உள்ளே எட்டிப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். கேட்டவர்களிடம் எல்லாம், "அத்தயும் அவுத்தாச்சு" என்று பொய் சொன்னார். அவர் வாழ்க!

ஆனால் கூழ் நின்றது, கஞ்சி நின்றது, காலையில் வாசலுக்கு யாரும் வரவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, அவரவருக்கு நாற்று, உழவு, வேலை. மதி வாசலைப் பார்த்தபடி கேட்டான்: "ஏன் மாமா, ஊர்ல தென்ன மரமெல்லாம் ஒரே நாள்ல காய்ப்ப நிறுத்திடுச்சா?"

பைனல்

பைனலுக்கு முந்தின நாள் மத்தியானம் நான் திருமுக்கூடலில் ஒரு காதுகுத்துக்கு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. நான் வந்து சேர்ந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது, மதி இல்லை. காப்போடு தூக்கக் கூடாது என்றார்கள். இறுகிப்போன முடிச்சு பூசாரியின் விரலுக்கு அவிழவில்லை. ஒயர் வெட்டுகிற கட்டரால் நான்தான் வெட்டினேன். தர்மகர்த்தா ஒரு பக்கம் தோள் கொடுத்தார், சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றிக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம், இந்த ஊரில் பைனல் வேண்டாம் என்று பையன்கள் திரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் சுருட்ட உதவினேன். செல்வி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, துக்க வீட்டிலிருந்து நேராக மேடைப் பக்கம் வந்தாள். பாயை விரித்து, மதி உட்கார்ந்திருக்க வேண்டிய முன்வரிசையில் மகளோடு உட்கார்ந்தாள்.

"தெரய கட்டுண்ணா. ஊருக்காக இருன்னீங்க, இருந்தாரு. அவுருக்காக ஒரு நாள்தான் கேட்டாரு, அது கெடைக்கல. மிச்சத்த நாங்க பாக்கறோம். எந்த ஊருக்காரன் எந்த ஊருக்காரன்கூட ஆடறான்னு மட்டும் சொல்லு."

ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற நான், அன்றைக்கு மைக்கை எடுக்காமல், திரையைத் திரும்பக் கட்டிவிட்டு வந்து, அவள் மகளின் காதில் இரண்டு நாட்டின் பெயரையும் சொன்னேன்.