எனக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்றாள்

அம்மனை நம்பி வாழும் எல்லாருக்கும் என் வணக்கம். என் பெயர் சுப்ரமணியம். தோட்டத்தில் சுப்ரா என்றால்தான் தெரியும். நியாலாஸ் பக்கம் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, சத்தம் போட்டுத்தான் பழக்கம். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்தது எனக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை.

போன ஆண்டு பாதியில் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. என் மகள் தர்ஷினி பள்ளி இறுதி எஸ்பிஎம் தேர்வில் நன்றாகத் தேறியிருந்தாள். வயரிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டில் ஃபியூஸ் போனால் என்னைக் கிட்டே விடமாட்டாள். ஆனால் எந்தக் கல்லூரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடையாளக் கார்டு இல்லை. பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமை இல்லாதவர் என்று போட்டிருந்தது. கூடப் படித்த பிள்ளைகள் பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பியபோது இவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். யாராவது விசாரித்தால், “எனக்குப் படிக்கப் புடிக்கலலா” என்று சொல்லிவிடுவாள்.

அவள் நாங்கள் பெற்ற பிள்ளை இல்லை. தோட்டத்துக்கே தெரியும், அவளுக்கும் தெரியும். எங்களுக்கு வெகுகாலம் குழந்தை இல்லை. அப்போது இந்தோனேசியாவிலிருந்து பெர்மிட் இல்லாமல் வந்து தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த யாந்தி என்ற பெண், ஊருக்கே திரும்பிப் போகிறேன், இவளை நீங்களே வளருங்கள் என்று கைக்குழந்தையை என் மனைவி சாந்தியிடம் நீட்டினாள். நாங்கள் என்ன செய்தோம்? நம் ஆட்கள் காலம்காலமாகச் செய்வதைத்தான் செய்தோம். குழந்தையை மாரியம்மன் காலடியில் போட்டு, அம்மனுக்கே விற்று, பிறகு தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டோம். பூசாரி பெயர் வைத்தார். எல்லாரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார்கள். அம்மனே கொடுத்துவிட்ட பிறகு தத்தெடுத்ததை ஆபீசில் போய் என்ன பதிவது என்று இருந்துவிட்டோம். யாந்தி போனவள் போனவள்தான். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் எப்படியோ மன்றாடிப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்.

பிற்பாடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தேன். “இந்தப் பிள்ளையை உங்களுக்குக் கொடுத்தது யார்?” என்று ஒரு கவுண்டரில் மலாயில் கேட்டார்கள். “மாரியம்மன்” என்றேன். அந்தம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் பொய்யா சொன்னேன்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சாந்தி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். குடியுரிமைக்கு மனு மட்டும் போட்டு வைத்தோம். பதில் வந்தபாடில்லை.

அப்போதுதான் குருபோங்கில் மிஸ் ரேவதி என்ற வக்கீலைப் பற்றிக் கேள்விப்பட்டோம். தர்ஷினி மாதிரிப் பிள்ளைகளை வளர்ப்பவர்களைச் சேர்த்து அவர் ஒரு குழு நடத்தினார். குடியுரிமை வருகிறபோது வரட்டும், அதுவரை இந்தப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டுமா, மனு போட்டுக் காத்திருப்பவர்களைத் தொழிற்கல்லூரியில் சேர்க்க விதியை மாற்றச் சொல்லிக் கேட்போம் என்றார். தீமிதி முடிந்த அடுத்த வாரம் எங்களை நேரில் சந்திப்பதாக மாநில அதிகாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். பெற்றோர் சார்பில் பேசுவது நான் என்று முடிவானது. மைக் இல்லாவிட்டாலும் கேட்கும் என்பதற்காகத்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சாந்தி இன்றும் கிண்டல் செய்கிறாள்.

நான் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டேன். வேண்டுதல் ஒன்றே ஒன்று. “தாயே, எம்புள்ளைக்கு ஒரு எடம் வாங்கிக் குடு. நா பேசறப்ப என் நாக்குல வந்து நில்லு.”

மறுநாளே மிஸ் ரேவதி போன் செய்தார். கூட்டத்தை முன்னதாகவே வைத்துவிட்டார்களாம். மாநில ஆபீஸ்கள் இருக்கும் ஆயர் குரோவில், தீமிதிக்கு முன்பே. காப்புக் கட்டியவன் தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பூசாரியிடம் ஓடினேன்.

“காலையில போயிட்டு மத்தியானம் வந்துடுவேன்லா, அண்ணே. ஆத்தா கோவிச்சுக்குவாளா?”

“கட்டிவிட்டதுதான் நானு. கட்டிக்கிட்டது நீ. அவகிட்டயே கேளு.”

கேட்டேன். கேட்டேன் என்ன, சண்டையே போட்டேன். “புள்ளையக் குடுத்தவ நீ. அவளுக்காகப் பேச வுடாம என்னைக் கட்டிப்போடுறதும் நீயா? என்னாதான் நெனச்சுக்கிட்டு இருக்க?” அவள் எப்போதும் போலச் சிரித்த முகமாகவே இருந்தாள். போனால் சாமி குத்தம். போகாவிட்டால் பிள்ளை வாழ்க்கை. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் தர்ஷினி சொல்கிறாள், “நா போய்ப் பேசறேன்ப்பா.”

“நீயா? கடைக்காரன்கிட்ட மிச்சக் காசு கேக்கவே வெக்கப்படுவ.”

“அவங்க பேசப்போறது என்னைப் பத்திதானே? நா வாயைத் தொறக்காம இருந்தா எப்பிடி?”

வேறு வழியில்லை. அன்று சாந்தியும் அவளும் பஸ் ஏறினார்கள். நான் ஊர் எல்லைக்குள்ளேயே தோட்டத்துக்கும் ஆலைக்குமாக லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். எதை ஏற்றினேன், எங்கே இறக்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மத்தியானம் அவர்கள் திரும்பி வந்ததும் சாந்திதான் எல்லாம் சொன்னாள்.

“பெத்தவ நாட்டுலயே போய்ப் படிக்கலாமேன்னு ஆபீசர் கேட்டாருங்க. இவ எழுந்து நின்னா. அங்க ஒரு தெரு பேருகூட எனக்குத் தெரியாது சார், அனுப்பித்தான் ஆவணும்னா கையில ஒரு தொழிலோட அனுப்புங்க, இங்கயே வச்சிருக்கறதுன்னா படிக்க வைக்காம சும்மா வச்சிருந்து யாருக்கு லாபம்னு கேட்டா. மலாய்ல அவ்ளோ அழகாப் பேசுனா.”

என் நாக்கில் நிற்கச் சொன்னேன், அம்மன் என் மகள் நாக்கில் போய் நின்றிருக்கிறாள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். இந்தப் பெண்ணுக்கு மட்டும் நான் தனியாக ஓர் இடம் பார்த்துத் தருகிறேன் என்று அந்த அதிகாரி அங்கேயே சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

“இவதாங்க வேணாம்னுட்டா.”

நான் தர்ஷினியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தாள், ஆனால் குரல் நடுங்கவில்லை.

“எனக்குப் பின்னால என்னை மாதிரியே ஏழு புள்ளைங்க ஒக்காந்திருந்தாங்கப்பா. செர்காம்லேர்ந்து வந்த பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தா. அவங்களுக்குன்னு கேட்டா, அப்புறம் பாக்கலாம்னு சொல்றாரு. எனக்கு மட்டும்னா வேணாம் சார், எல்லாருக்கும் குடுக்கறப்ப நானும் வரேன்னு சொல்லிட்டேன்.”

“பைத்தியமா உனக்கு?” என்று கத்தினேன். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவளோடு பேசவே இல்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது. அம்மன் கொடுத்துவிட்டாள், என் பிள்ளை திருப்பிக் கொடுத்துவிட்டாள். இதற்கு மேல் நான் யாரிடம் போய்க் கேட்பது? என் வேண்டுதல் பலித்ததா, பலிக்கவில்லையா? நன்றி சொல்லி மிதிப்பதா, மறுபடி கேட்டு மிதிப்பதா? பூசாரியும் தாடையைத் தடவிக்கொண்டு, “இந்த மாதிரி கேஸ் நா பாத்ததில்லையேலா” என்றார்.

தீமிதி நாள் வந்தது. மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் வாய்விட்டு வேண்டிக்கொண்டே இறங்கினார்கள். நானோ “எனக்கு ஒண்ணும் புரியல ஆத்தா. நீயே பாத்துக்க” என்று மட்டும் சொல்லி இறங்கினேன். கால் சுட்டதா என்றுகூடத் தெரியாது. தீயைத் தாண்டிப் பால் குழியில் போய் நின்றபோது தேம்பித் தேம்பி அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று சாந்தி கேட்டாள். தெரியவில்லை என்றேன். அது உண்மை.

தீபாவளி கழிந்து ஒரு காலை நேரம், மிஸ் ரேவதி போனில் பேசினார். ஒரு தொழிற்கல்லூரியில் மனு நிலுவையில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார்களாம். இப்போதைக்கு சோதனை முயற்சிதான், அந்த ஒரு கல்லூரிதான். ஆனாலும் எல்லாருக்கும்.

“தர்ஷினி அன்னைக்கு அந்த எடத்தை வாங்கிக்கிட்டுப் போயிருந்தா, விஷயம் முடிஞ்சுதுன்னு அன்னைக்கே ஃபைலை மூடியிருப்போம்னு ஆபீசரே சொன்னாரு, அண்ணே.”

போனை சாந்தியிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தேடிப் போனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மன்னிச்சிரும்மா என்றேன். “சும்மா இருங்கப்பா” என்று என் தோளில் ஈரத் துணியைப் போட்டுச் சிரித்தாள்.

கல்லூரி திறந்த அன்று நான்தான் கொண்டுபோய் விட்டேன். எட்டுப் பேரும் வாசலில் சேர்ந்துகொண்டார்கள். காவல்காரர் அடையாளக் கார்டு கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷினி முன்னால் போய், நாங்கள் புது மாணவர்கள் என்று மலாயில் பணிவாகச் சொல்லிவிட்டாள். அவர் உள்ளே போனில் விசாரித்துக் கதவைத் திறந்துவிட்டார். எட்டுப் பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். என் மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் அப்படிப் போனதைப் பார்த்தபோது என் மனம் குளிர்ந்துபோனது.

குடியுரிமை இன்னும் வரவில்லை. படித்து முடித்த பிறகு வேலைக்கு என்ன வழி என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவும் குழு பேசிக்கொண்டிருக்கிறது, நானும் போகிறேன், என்னால் முடிந்த அளவு மெதுவாகப் பேசுகிறேன். நம் கோயிலில் யாராவது பிள்ளையைத் தவிட்டுக்கு வாங்கினால், பொங்கல் சாப்பிட்ட கையோடு அவர்களைப் பதிவு ஆபீசுக்கு அழைத்துப் போகிற வேலையும் என்னுடையதாகிவிட்டது.

நான் கேட்டது ஒரு பிள்ளைக்கு. கிடைத்தது எட்டுப் பிள்ளைகளுக்கு. இடையில் என்னைக் கட்டிப்போட்டது அம்மனா, தேதியை மாற்றியது அவளா, என் மகளை வேண்டாம் என்று சொல்ல வைத்ததும் அவள்தானா, யோசித்தால் இன்னும் எனக்குக் குழப்பம்தான். குழப்பத்தோடேயே அவளை நம்புகிறேன். உங்கள் வீட்டிலும் அடையாளக் கார்டு இல்லாத பிள்ளை இருந்தால், வெட்கப்பட்டு மறைத்து வைக்காதீர்கள். அம்மனிடம் அழுங்கள், திட்டினாலும் பரவாயில்லை, அவள் தாங்குவாள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். நாங்கள் ஒன்பதாவது பிள்ளைக்காகப் பேசக் காத்திருக்கிறோம்.