முகம் பார்க்காமல் போட்ட மதிப்பெண்

கோயம்புத்தூரில் தொழில் தொடங்கிய புதிதில் "பார்க்கலாங்க" என்ற ஒரு சொல்லை நம்பி மூன்று வாரம் காத்திருந்தேன். நானும் ஷாகுலும் எழுதிய மென்பொருளைப் பார்த்துவிட்டு ஒரு பம்ப்செட் கம்பெனிக்காரர் சிரித்த முகத்தோடு சொன்ன சொல் அது. மலேசியாவில், ஈப்போவில் அப்பாவின் சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் சாமான் பிடிக்காவிட்டால் "தா மாவ்", வேண்டாம், என்று நேராகச் சொல்லிவிட்டு நடப்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கடைசியில் ஷாகுல்தான் விளக்கினான்: "அக்கா, அவரு அன்னிக்கே வேண்டாம்னு சொல்லிட்டாருங்க."

சூலூர்க்காரரைக் கட்டிக்கொண்டு தொண்ணூறுகளின் நடுவில் இங்கே வந்தேன். கோட்டைமேட்டில் பிறந்த ஷாகுல், நான் பாடம் நடத்திய கணினி மையத்தில் உடன் வேலை பார்த்தவன். இருவரும் வேலையை விட்டு, காந்திபுரத்தில் ஒரு மாடி அறையில் கம்பெனி தொடங்கினோம். ஒரு பொருளில் புதிதாக என்ன வசதி சேர்க்கலாம் என்பதற்கு டிசைன், விற்பனை, ரிப்பேர் ஆட்கள் மதிப்பெண் போடுவார்கள்; எதை முதலில் செய்யலாம் என்று எங்கள் மென்பொருள் வரிசைப்படுத்தும்.

கணபதியில் கிரைண்டர் செய்யும் பழனிசாமி மட்டும் ஒரு மாதம் பார்க்கச் சம்மதித்தார். மாவு ஆட்டி முடித்ததும் தானாக நிற்க ஒரு டைமர் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவருடைய ஆட்கள் ஆறு பேர் ஒரே கணினியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பின்னால் அவர் நின்றார். ஆறு பேரும் பத்துக்குப் பத்து. எனக்கு ஒரே சந்தோஷம்.

வெளியே வந்தபோது, ரிப்பேர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மரகதம் பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க, அது ஆகாதுங்க. கல்லக் கழுவறப்ப அடியில இருக்கற டைமருக்குள்ள தண்ணி போயிருமுங்க."

"உள்ளே ஏன் சொல்லவில்லை?"

"மொதலாளி அத்தன ஆசையாச் சொல்றாரு. மூஞ்சிக்கு நேரா எப்படீங்க சொல்றது?"

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த ஊர் மரியாதைதான் எங்கள் தொழிலுக்கு எதிரி என்று வீட்டில் புலம்பினேன். இரண்டு நாள் கழித்துத்தான் வேறு மாதிரி தோன்றியது. மனிதர்களை மாற்ற நாங்கள் யார்? மென்பொருளை மாற்றினோம். ஒவ்வொருவராகத் தனி அறைக்குப் போய் மதிப்பெண்ணும் காரணமும் எழுதலாம். பெயர் எங்கேயும் பதியாது.

மறுமுறை டைமருக்குக் கிடைத்தது பத்துக்கு மூன்று. பழனிசாமியின் முகம் இறுகியது.

"யாருங்க இந்தத் தண்ணி சமாச்சாரம் எழுதுனது?"

இருந்த ஒரே வாடிக்கையாளரும் போய்விட்டார் என்றே நினைத்தேன்.

"எங்களுக்கும் தெரியாதுங்க. ஆனா ஒருத்தரில்லீங்க, நாலு பேரு எழுதியிருக்காங்க" என்றான் ஷாகுல்.

அவர் உடனே, டைமர் வைத்த மாதிரி கிரைண்டரைக் கொண்டுவரச் சொல்லி, ஓடவிட்டு, நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, வழக்கமாகக் கழுவுவதுபோலத் தானே தண்ணீர் ஊற்றினார். டைமரைக் கழற்றச் சொன்னார். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது.

"இருநூறு செஞ்சுபோட்டு அப்பறம் தெரிஞ்சிருந்தா?" என்றவர் மரகதத்தைப் பார்த்தார். "வேற எங்கம்மா வெக்கலாம்?" மரகதம் முதல்முறையாக எல்லார் முன்னாலும் வாய்திறந்து, கைக்கெட்டும் உயரத்தில், கிரைண்டரின் பக்கவாட்டில் தண்ணீர் படாத இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு பழனிசாமியே பல்லடத்திலும் பீளமேட்டிலும் எங்களைப் பற்றிச் சொன்னார். இரண்டு பேர் ஒன்பது பேரானோம். கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியதில், மென்மையாகப் பேசுகிறவர்களின் மனதிலும் உறுதியான அபிப்பிராயம் உண்டு என்று கற்றுக்கொண்டேன்.

சென்ற மாதம் பினாங்கில் ஒரு மின்விசிறித் தொழிற்சாலை எங்களை அழைத்தது. வாசலில் காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டினார். 'எங்கிருந்து' என்ற கட்டத்தில் கோயம்புத்தூர் என்று எழுதினேன். என் மலாய்ப் பேச்சைக் கேட்டவர் நிமிர்ந்து, "ஈப்போவா?" என்றார். ஆமாம் என்று பேனாவை மறுபடி வாங்கினேன். கட்டத்தில் இடமில்லை. ஈப்போ என்ற எழுத்துகள் கோட்டைத் தாண்டி, வந்த நேரம் எழுதும் பக்கத்துக் கட்டத்தில் போய் உட்கார்ந்தன. அவர் அதை அடித்துவிடச் சொல்லவில்லை. நேரத்தை அதற்குக் கீழே சின்னதாக எழுதிக்கொண்டார்.