குடோனுக்குப் போன மாவு

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்து பேரை வளர்த்தவள். மூன்று நான் பெற்றது, இரண்டு என் நாத்தனார் செத்தபோது கைக்கு வந்தது. ஐந்துக்கும் பல் முளைக்கும் முன்னே முளைகட்டிய ராகி மாவில் கூழ் காய்ச்சி ஊட்டினேன். ஒன்றுகூட நோஞ்சானாக வளரவில்லை. இதை எல்லோரிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

அந்த மாவுதான் இப்போது எங்கள் பிழைப்பு. சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். பேத்தி பிறந்தபோது மருமகளுக்கு அரைத்துக் கொடுத்தேன். அவள் அப்போது ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். கூட வேலை செய்த பெண் கேட்டாள், அவள் தங்கை கேட்டாள், தங்கை இருந்த பெங்களூர் வீட்டின் மாடிக்காரி கேட்டாள். மருமகள் வேலையை விட்டுவிட்டுப் போனில் ஆர்டர் எடுக்க உட்கார்ந்தாள். மாடுகளை விற்று மூன்று வருடமாகச் சும்மா கிடந்த கொட்டகைக்குத் தளம் போட்டோம், மெஷின் வாங்கினோம், ஊர்ப் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள்.

காலையில் அரைப்போம். வேட்டித் துணியில் நான் சலிப்பேன். மத்தியானம் பாக்கெட் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நாலு மணிக்கு ஓசூரிலிருந்து கூரியர் வண்டி வரும். அன்றைக்கு அரைத்தது அன்றைக்கே வண்டி ஏற வேண்டும், இது என் சட்டம். ஒரு பாக்கெட்கூட என் கை படாமல் வாசல் தாண்டியதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். மாவை விரலில் தேய்த்தால் முளை எத்தனை நாள் கட்டியது என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

பேத்தி பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கத் தேறுவதற்குள் ஆர்டர் பெருகிவிட்டது. நாலு மணி ஆகியும் பாதிப் பார்சலுக்கு டேப் ஒட்டியிருக்காது. வண்டிக்காரன் ஹார்ன் அடிப்பான். சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டுக்கு வந்துவிட்ட நாட்களில் வண்டியே வராது, மறுநாள் இரண்டு நாள் பார்சலும் சேர்ந்து கொட்டகையை அடைத்துக்கொள்ளும். சேலத்துக்குப் போக வேண்டியது சென்னைக்குப் போகும். மருமகள் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் போன் பேசுவாள். டேப் கிழித்துக் கிழித்து மணிக்கட்டு வீங்கிப்போய், மருந்து தடவித் துணி சுற்றிக்கொண்டு மறுபடி டேப் கிழிப்பாள்.

ஹைவே ஓரமாகப் புதிதாக வந்த குடோனிலிருந்து ஒரு பையன் வந்தான். கழுத்தில் அட்டை தொங்கியது.

"நீங்க மாவ அரைச்சி பாக்கெட் போட்டு மொத்தமா எங்ககிட்ட எறக்கிடுங்கம்மா. ஆர்டர் வந்தா பார்சல் கட்டறது, அனுப்பறது, திரும்பி வந்தா வாங்கறது, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"எத்தினி நாளு உங்ககிட்ட கெடக்கும்?" என்று கேட்டேன்.

"முப்பது நாளு, நாப்பது நாளு. ஓட்டத்தப் பொறுத்து."

"பச்சக் கொழந்தைக்கு நாப்பது நாளு மாவா? உங்க வீட்டுல அப்படித்தான் குடுப்பீங்களா?"

"எங்க வீட்டுல இன்னும் பொண்ணே பாக்கலம்மா," என்றான். மருமகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குடோனைப் போய்ப் பார்த்தோம். குறை சொல்ல ஏதாவது கிடைக்கும் என்றுதான் போனேன். தரை எங்கள் வீட்டுத் தட்டைவிடச் சுத்தமாக இருந்தது. கூரை வரை இரும்பு அடுக்குகள். பெண்கள் கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு பெட்டியைத் தொட்டால் கீச்சென்று சத்தம், பெட்டி போய்விடுகிறது. யாரும் பொருளின் பெயரைக்கூடப் படிப்பதில்லை. எங்களுக்குக் காட்டிய அடுக்குக்கு எதிர் அடுக்கில் ஊதுவத்திப் பெட்டிகள் இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டேன். "வாசன ஏறிப்போவும்," என்றேன். "மூடின பாக்கெட்ல எப்படிம்மா ஏறும்?" என்றான் அந்தப் பையன்.

வீட்டுக்கு வந்தும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சலித்த மாவையே மறுபடி சலித்தேன். பாக்கெட் கட்டும் பெண்களில் வாய்க்காரி ஒருத்தி, "என்னாத்துக்கும்மா இப்படி நடக்கறீங்கோ? நடந்தே குடோனுக்குப் போயிடுவீங்கோ போலக்குதே," என்றாள். நடக்காமல் என்ன செய்வது? மாவு இங்கிருந்து மொத்தமாக லாரி ஏறிவிட்டால், யார் வீட்டுக்கு எது போகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் எதற்கு?

மருமகள் ஒரு வழி சொன்னாள். "அத்த, மொதல்ல முந்நூறு பாக்கெட் குடுத்துப் பாக்கலாம். சரியா வந்தா மொத்தமும் குடுக்கலாம். வரலன்னா நம்ம கொட்டாயே கதி."

முந்நூறு பாக்கெட்டை ஒரே நாளில் அரைக்க முடியாது. இரண்டு நாள் முன்பே அரைத்து மூன்று எவர்சில்வர் டிரம்மில் கொட்டி வைத்தோம். பாக்கெட் போடாமல் மாவு காத்திருந்தது எங்கள் வீட்டில் அதுதான் முதல் தடவை. இன்னும் நாற்பது நாள் அங்கே வேறு கிடக்கப்போகிறது. பூச்சி வந்தால் யார் பேர் கெடும்? தானியக் குதிரில் ஐம்பது வருடமாக என்ன போடுகிறேனோ அதைப் போட்டேன். வசம்பைத் தட்டி, துணியில் முடிச்சாகக் கட்டி, டிரம்முக்கு நாலாகப் புதைத்தேன். பாக்கெட் போடும் நாள் காலையில் எடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் யாரைக் கேட்பது? வசம்பு குழந்தைக்கு உரைத்து ஊற்றுகிற பொருள்தானே என்று நினைத்தேன்.

லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு வாரத்தில் புகார் வர ஆரம்பித்தது. ஒரு பெண் கன்னடத்தில் பேசி அனுப்பியிருந்தாள். குழந்தை முதல் வாயிலேயே துப்பிவிட்டது, மாவில் மருந்து வாடை அடிக்கிறது என்று. அடுத்து தெலுங்கில் ஒருத்தி, தமிழில் நாலு பேர். மருமகளின் முகம் செத்துப்போனது. குடோன் பையனுக்குப் போன் போட்டாள்.

"அத்த அன்னிக்கே சொன்னாங்க, ஊதுவத்தி பக்கத்துல வெக்காதீங்கன்னு. கேட்டீங்களா?"

"மேடம், நாங்க பாக்கெட்டத் தொறக்கறதே இல்ல. பக்கத்து அடுக்குல பிஸ்கட்டு இருக்கு, அதுல ஒரு புகாரும் இல்ல."

"அப்போ எங்க மாவுலதான் கோளாறா?"

அன்றைக்கே மீதிப் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டாள். எனக்கு மனசுக்குள் நிறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். ஊதுவத்தி என்று முதலில் சொன்னது நான். வாய்க்காரியிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

பெட்டிகள் திரும்பி வந்தன. ஒன்றைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனேன். ஊதுவத்தியா அது? என் குதிருக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. தானியத்தைக் கழுவித்தான் சமைக்கிறோம், வாடை தண்ணீரோடு போய்விடும். மாவை யார் கழுவுவார்கள்? டிரம்மில் இருந்தபோது எனக்குத் தெரியவில்லை, அந்த வாடையிலேயே ஐம்பது வருடம் இருந்த மூக்கு. பாக்கெட்டுக்குள் அடைபட்டுப் புழுங்கியதும் ஏறிவிட்டது.

பாக்கெட்டை மடித்து வைத்துவிட்டேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாள், நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். ராகி ஊறவைத்துவிட்டு வடிக்க மறந்தேன். நாலு மணிக்கு வண்டி வரும்போது மூன்று மணியிலிருந்தே கேட்டில் நின்றேன். யாராவது ஊதுவத்தி என்று சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. கொட்டகை இங்கேயே இருக்கும், மாவு என் கையைத் தாண்டாமல் போகாது. பின்னே என்ன?

ஐந்தாம் நாள் மருமகள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இல்லம்மா, புதுசா எடுக்கறதில்ல. பழைய ஆளுங்களுக்கு மட்டுந்தான் இனிமே. கையில முடியல... ஆறு மாசக் கொழந்தையா? மன்னிச்சிக்கோங்க." போனை வைத்துவிட்டு மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துக் கட்டினாள். இந்த வியாபாரத்தை வளர்த்தவள் அவள். நான் மாவுதான் அரைத்தேன். ஊர் ஊராக அனுப்பியவள் அவள். இப்போது அவளே கதவைச் சாத்துகிறாள், என் வசம்பால்.

"குடோன்காரன் மேல தப்பில்ல," என்றேன்.

"என்ன அத்த?"

"டிரம்முல வசம்பு போட்டது நான். பூச்சி வருமேன்னு."

அவள் எழுந்துபோய்ப் பாக்கெட் ஒன்றை மோந்துவிட்டு வந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், வழக்கம்போல முடிந்திருக்கும்.

"எப்போ தெரியும்?"

"பெட்டி வந்த அன்னிக்கு."

"நாலு நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? அந்தப் பையன நான் எவ்ளோ பேசிட்டன்!" போனை என் கையில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

சொன்னேன். "தம்பி, நீ வெச்ச எடத்துல ஒண்ணுமில்ல. வாடை எங்க வீட்டுது," என்றேன். அந்தப் பக்கம் பெரிய மூச்சு விட்டான். மேலதிகாரி அவனைத்தான் பிடித்திருக்கிறாராம். எந்த அடுக்கில் வைத்தாய், ஏன் வைத்தாய் என்று தினமும் கேள்வியாம். "எழுத்துல குடுத்துடறீங்களாம்மா? அப்பத்தான் நம்புவாங்க."

அன்று மாலையே நானும் மருமகளும் உட்கார்ந்து பேசினோம். அவள் சொன்னதற்கு நான் ஒத்துக்கொண்டேன், நான் சொன்ன ஒன்றுக்கு அவள் ஒத்துக்கொண்டாள். பார்சல் வேலை குடோனுக்குப் போகிறது. மொத்தமாகக் கொட்டி வைப்பதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை அரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவோம், பத்து நாளுக்கு மேல் அங்கே கிடந்தால் எங்களுக்குத் திரும்பிவிட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய பெண்கள் முளைகட்டும் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். ஆறு மாதக் குழந்தையின் அம்மாவுக்கு மருமகள் திரும்பப் போன் போட்டாள்.

மனசு அடங்கியதா என்றால், இல்லை. இப்போதும் ஒவ்வொரு லாரி போகும்போதும் எதையோ மறந்து அனுப்பிவிட்டதுபோல இருக்கிறது. வாசல் வரை போய்விட்டுத் திரும்புகிறேன். அங்கே கீச்சென்று ஒரு சத்தத்தில் என் மாவு போகிற இடம் எனக்குத் தெரியாது. தெரியாமலே போகட்டும் என்று சொல்ல இன்னும் எனக்கு வாய் வரவில்லை.

குடோனுக்குக் கேட்ட கடிதத்தைப் பேத்தி நாலு வரியில் எழுதிவிட்டாள், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். ஆனால் நாலு வரியில் நான் எதற்குச் செய்தேன், எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் இல்லை. அதனால் இதைத் தனியாக அவளிடமே சொல்லி எழுத வைத்தேன். இதையும் மருமகள் படிப்பாள்.

அதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ படி கண்ணு, நான் கேக்கறன். நாலு நாளு சொல்லாம இருந்தன்னு சொன்னனே, அத பாட்டி பாவம்னு விட்டுட்டியா, இல்ல நான் சொன்னபடியே எழுதினியா, பாக்கணும். மொதல்ல இருந்து படி.