தோரா அம்மாவுக்கு ஒரு ஃபிளெக்ஸ்

மணமேல்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது போனில் செய்தி வந்தது. நார்வேயில் தோரா அம்மா இறந்துவிட்டார். திறந்து பார்த்தால், அவர் மொழிபெயர்த்த பிரெஞ்சு நாவலாசிரியரின் படம்! இறந்தது இவர், படம் அவருடையது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

தோரா அம்மாவின் ஆங்கில வீடியோக்களைப் பார்த்தே பிரெஞ்சு கற்ற நம் வாசகர் குழுவுக்குத் தெரியும், அவர் யார் என்று. பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு இலக்கியம் நடத்திக்கொண்டே வாழ்நாள் முழுக்க நாவல்களை நார்வே மொழிக்குக் கொண்டுவந்தார். ஒரு அட்டையிலாவது அவர் பெயர் உண்டா? உள்ளே, எறும்பு சைஸில். “‘மொழிபெயர்த்தவர் இருப்பதே தெரியவில்லை’ என்று பாராட்டுகிறார்கள். திருடனைத்தான் அப்படிப் பாராட்ட வேண்டும்” என்று ஒரு வீடியோவில் சீறினார்.

ஓய்வுபெற்றபின், இளவயதில் தான் மொழிபெயர்த்த ஒரு நாவலையே மறுபடி கையில் எடுத்தார். அதில் மீன்காரிகள் பேராசிரியர்கள்போலப் பேசுகிறார்களாம். அவர்களுக்குத் தன் கடற்கரைக் கிராமத்துப் பேச்சைக் கொடுத்தார். ‘கொச்சை’ என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். நான் கமெண்டில் எங்கள் கட்டுமாவடி மீன்காரிகளின் பேச்சைப் பற்றி எழுதினேன். “அங்கே விலை குறைத்துக் கேட்டால் எப்படித் திட்டுவார்கள்?” என்று உடனே கேட்டார். மீன் ஏலத்துக்குப் போய் ரெக்கார்ட் செய்து, அர்த்தமும் எழுதி அனுப்பினேன்.

“வாங்குற மூஞ்சியா இது? அங்கிட்டுப் போயி நில்லு, காத்தாச்சும் வரட்டும்!”

“என் விமர்சகர்களுக்கு இதுதான் பதில்” என்று எழுதினார் தோரா அம்மா.

அவர் இறந்த செய்தி வந்த அன்றே ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

“யாரு தங்கச்சி இந்த வெள்ளைக்காரம்மா? ஒங்க டீச்சரா?”

“பிரெஞ்சுப் புத்தகத்த மொழிபெயர்த்தவங்கண்ணே.”

“அப்ப எழுதுன ஆளு படத்தயும் ஓரமாப் போட்டுருவமா?”

“அந்தாளு மூஞ்சி வந்துச்சு, இங்கயே கிழிச்சிருவேன்!”

“சரி தாயி, கத்தாதீங்க. அடியில யாரு படம்லாம் போடணும்? துக்கப்படுறவுக படம் வரிசையா வருமே.”

“ஒருத்தரும் வேணாம். அவங்க மட்டும்.”

“எடம் சும்மா கெடக்குமே?”

“பேர இன்னும் பெருசாக்குங்க.”

இப்போது எங்கள் கடைத்தெருவில் தோரா அம்மா தனியாக நிற்கிறார். போகிறவர்கள் எழுத்துக்கூட்டி அவர் பெயரை வாசிக்கிறார்கள்.

அவருடைய சீற்றத்தை நான் வைத்துக்கொள்கிறேன். நேற்று நம் குழுவில் ஒரு பிரெஞ்சுக் கதையைத் தமிழில் பகிர்ந்து ‘அருமை’ என்று எழுதியவரே, அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தது யார்? பெயரைப் போடுங்கள். போடும்வரை உங்கள் பதிவின் கீழே வந்து கேட்டுக்கொண்டே இருப்பேன்.